நாயின் நாசியும் திமிங்கிலத்தின் பசியும்



உடல்நலம் குன்றினால் மருத்துவரை நாடிச் செல்கிறோம். அவர் நாடி பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். அதிலும் தெளிவு பிறக்கவில்லையெனில் இரத்தம், சிறுநீர், மலம் ஆகியவற்றைச் சோதனைக்கு அனுப்புகிறார். நோயாளி வாய் திறந்து சொல்லாதவற்றையும், சொல்லத் தெரியாதவற்றையும் அச்சோதனைகள் சொல்லிவிடுகின்றன. கைக்குழந்தை ஓயாமல் அழுதால் தாய்மார்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள்? அதன் துணியைத்தானே! குழந்தை கழித்ததன் நிறமும் மணமும் பார்த்தே, அதன் வயிற்றில் என்ன கோளாறு என்பதை ஊகித்துவிடும் அனுபவம் நம் பாட்டிமார்களுக்கு உண்டு.

ஆனால், ஆழ்கடலில் உலவும் திமிங்கிலத்தின் நாடியை யார் பிடிப்பது? அடர்ந்த காட்டில் மறைந்து வாழும் புலி பசியால் வாடுகிறதா, சினைப்பட்டிருக்கிறதா என்பதை யார் சென்று கேட்பது? மயக்க ஊசி செலுத்திப் பிடித்துச் சோதிக்கலாம். எனினும், பிடிபடும் அச்சத்தினாலேயே அதன் உடலில் மாறுதல்கள் ஏற்பட்டுவிடும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் இனத்தில் ஒன்றை இழப்பதும் பேரிழப்பே அல்லவா?

இச்சிக்கலுக்கு விஞ்ஞானிகள் கண்ட விடை, தாய்மார்கள் அறிந்த அதே பழைய வழிதான். விலங்கைத் தொடவேண்டாம், அது கழித்துச் சென்றதைத் தேடி எடுத்தால் போதும். அதைத் தேடிக் கொடுக்க அவர்கள் அமர்த்திக்கொண்ட பணியாள் எது தெரியுமா? நாய்!

கழிவு சொல்லும் செய்தி

ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணம், யானைக்கு இலத்தி, பறவைக்கு எச்சம் என நம் தாய்மொழி தனித்தனிப் பெயர்கள் சூட்டி வைத்திருக்கிறது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் செல்லும் அப்பொருளில் எத்தனை செய்திகள் பொதிந்து கிடக்கின்றன என்பதை எண்ணினால் வியப்பே மேலிடும்.

குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த நுண்ணிய செல்கள் கழிவோடு ஒட்டிக்கொண்டு வெளிவருகின்றன. அவற்றிலுள்ள டி.என்.ஏ.யைக் கொண்டு, அது எந்த இனத்து விலங்கு, ஆணா பெண்ணா, அவ்வினத்துள்ளும் எந்தத் தனி விலங்கு என்பதுவரை பிரித்தறியலாம். அது உண்டது என்ன என்பது தெரியும். வயிற்றிலுள்ள புழுக்கள் தெரியும். உடலில் சேர்ந்துள்ள நச்சுப் பொருள்களும் தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஹார்மோன்களின் சுவடுகள் அதில் இருக்கும். அச்சமும் அலைக்கழிப்பும் மிகுந்தால் ஒருவகை ஹார்மோன் கூடும். உணவு போதாமற் போனால் தைராய்டு ஹார்மோன் குறையும். சினைப்பட்டிருந்தால் புரோஜெஸ்டெரோன் உயரும். ஆக, ஒரு கைப்பிடிக் கழிவு முழு மருத்துவ அறிக்கைக்கு நிகரானது.

ஆனால், பல நூறு சதுர கிலோமீட்டர் காட்டில் அந்தக் கைப்பிடியைக் கண்டெடுப்பது எங்ஙனம்? மனிதக் கண் வழித்தடத்தின் ஓரத்தில் கிடப்பதை மட்டுமே காணும். புதருக்குள்ளும் சருகுக்கு அடியிலும் கிடப்பது அதற்குப் புலப்படாது. இங்கேதான் நாயின் நாசி துணைக்கு வருகிறது.

படைத்தவன் வழங்கிய கருவி

மனித மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் இருக்கின்றன. நாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கும் அதிகம். எண்ணிக்கை மட்டுமன்று, அமைப்பும் வியப்புக்குரியது. நாய் உள்ளிழுக்கும் காற்று மூக்கினுள் இரு வழியாகப் பிரிகிறது. ஒரு பகுதி சுவாசத்திற்காக நுரையீரலுக்குச் செல்கிறது. மற்றொரு பகுதி மணம் உணரும் தனி அறைக்குச் செல்கிறது. வெளிவிடும் மூச்சு, நாசியின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிச் செல்வதால், முன்னாலிருந்து வரும் புதிய மணம் கலையாமல் வந்து சேர்கிறது. மனிதன் உருவாக்கிய எந்தக் கருவியும் காட்டிலும் கடலிலும் இப்பணியில் இதற்கு ஈடாக நிற்கவில்லை.

இயற்கைப் பாதுகாப்பிற்கு நாயைப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. நியூசிலாந்தின் தென்மேற்கில் உள்ள ரெசல்யூஷன் தீவின் காவலராக 1894ஆம் ஆண்டு நியமிக்கப்பட்டவர் ரிச்சர்ட் ஹென்றி. அந்நாட்டில் ககாபோ என்றொரு கிளி உண்டு. பறக்க இயலாதது, இரவில் நடமாடுவது, பாசியின் நிறத்தை ஒத்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கீரியினத்தை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்குகள் அவற்றை வேட்டையாடி அழித்து வந்தன. ஹென்றி, வாய்க்கூடு அணிவித்த நாயின் துணையோடு அக்கிளிகளையும் கீவிப் பறவைகளையும் தேடிப் பிடித்து, பல நூறு பறவைகளை அத்தீவில் குடியேற்றினார். சில ஆண்டுகளில் ஸ்டோட்கள் கடலை நீந்திக் கடந்து அத்தீவையும் அடைந்துவிட்டன. அவருடைய உழைப்பு வீணாயிற்று. எனினும் அவர் காட்டிய வழி வீணாகவில்லை. நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறையில் இன்றும் அத்தகைய நாய்கள் பணியாற்றுகின்றன.

விலங்கின் கழிவைத் தேடும் பணிக்கு நாய்களை முறையாகப் பழக்கியவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வாசர். போதைப்பொருளைக் கண்டுபிடிக்கும் மோப்ப நாய்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியை, 1997ஆம் ஆண்டில் அவர் வனவிலங்கு ஆய்வுக்கு மாற்றியமைத்தார்.

பந்துப் பித்தும் பயிற்சியும்

எத்தகைய நாய் இதற்கு ஏற்றது? விலையுயர்ந்த சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை. பந்தின்மீது பித்துப் பிடித்த நாய் வேண்டும்! ஓயாத துள்ளலால் வீட்டாரின் பொறுமையைச் சோதித்து, 'வேண்டாம்' என்று காப்பகங்களில் விடப்பட்ட நாய்களிலிருந்தே பல தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எந்தக் குணத்திற்காக வீட்டிலிருந்து விரட்டப்பட்டதோ, அந்தக் குணமே இப்பணிக்குத் தகுதியாகிறது.

பயிற்சி முறை எளிது. குறிப்பிட்ட விலங்கின் கழிவை ஒரு பெட்டியில் வைத்து முகரச் செய்வார்கள். முகர்ந்தவுடன் பந்து வீசப்படும். பிறகு பல பெட்டிகளுள் ஒன்றில் மட்டும் அது இருக்கும். சரியானதைக் கண்டு அதன் அருகே அமர்ந்தால் பந்து கிடைக்கும். வேறு விலங்கின் கழிவருகே அமர்ந்தால் ஒன்றும் கிடையாது. 'இந்த மணம் இருக்குமிடத்தில் பந்து இருக்கிறது' என்ற பாடம் நாயின் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. அதன்பின் அது நாள் முழுதும் காட்டில் தேடினாலும், அதற்கு அது வேலையன்று, விளையாட்டு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆபத்துக்குள்ளான ஒரு சிறு நரியினத்தின் எச்சங்களைத் தேட நாய்களை அனுப்பிய ஆய்வின் முடிவு 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. நாய்கள் காட்டிய 1,298 எச்சங்களும் டி.என்.ஏ. சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அத்தனையும் அந்நரியினுடையவையே. ரஷ்யாவின் தூரக் கிழக்கில், எச்சத்தை முகர்ந்தே இது இன்ன புலியுடையது என்று தனித்தனியே பிரித்துக் காட்டவும் நாய்கள் பழக்கப்பட்டன.

அப்படியானால் நாய் தவறே செய்யாதா என்று கேட்பீர்கள். செய்யும். வெயில் கடுமையானால் அது வாய் திறந்து இரைக்கும். அப்போது மோப்பம் குன்றும். காற்று திசைமாறினாலும் தடுமாறும். தன்னை நடத்துபவரின் முகக்குறிப்பைப் படித்துக்கொண்டு, அவரை மகிழ்விக்க எண்ணித் தவறான இடத்திலும் அமர்ந்துவிடும். ஆகவே, நாயோடு செல்பவரும் அதே அளவு பயிற்சி பெறவேண்டும். நாய் கண்டெடுத்தது ஆய்வுக்கூடத்தில் மீண்டும் சோதிக்கப்படுகிறது.

கற்ற நாயின் தகுதி

வாசகர்களே, நாய் என்றதும் நம் இல்லங்களில் ஒரு தயக்கம் எழுவது இயல்பே. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவித் தூய்மை செய்யும் ஒழுங்கு நமக்குண்டு. வீட்டினுள் அதை வளர்க்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. எனினும் வேட்டைக்கும், மந்தைக்கும், பயிர்க்காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள நம் மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

அதனினும் நுட்பமானதொரு செய்தி உண்டு. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணி, அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பப்பட்டுப் பிடித்து வந்த இரை ஆகுமானது என்கிறது திருமறையின் அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம். அப்பயிற்சியையும் இறைவன் மனிதனுக்குக் கற்றுத் தந்த அறிவிலிருந்தே மனிதன் அதற்குக் கற்பிக்கிறான் என்பதையும் அவ்வசனம் சுட்டுகிறது. பயிற்சி பெறாத நாய் கொன்ற இரைக்கு அத்தகுதி இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இதை எடுத்துக்காட்டி, கல்வியின் சிறப்புக்கு இதுவே ஒரு சான்று என்று விளக்கியிருக்கிறார்கள். நாயும் நாயும் ஒன்றே; ஒன்றை மற்றொன்றினின்று உயர்த்தியது அது கற்ற கல்வி!

இரையைப் பிடிக்கக் கற்ற நாயை நாம் அறிவோம். இரையைத் தொடாமல், அதைக் காப்பதற்காகவே தேடக் கற்ற நாய் இப்போது கடலுக்கும் சென்றிருக்கிறது.

கடலில் ஒரு மோப்ப நாய்

கடலில் மணத்தைத் தேடுவதா? ஆம். திமிங்கிலத்தின் கழிவு சிறிது நேரம் நீரில் மிதக்கும், பின்னர் மூழ்கிவிடும். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வடஅட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களை ஆய்ந்த ரோசலிண்ட் ராலண்ட் குழுவினர், நாய்களைப் படகில் ஏற்றிச் சென்றனர். தற்செயலாகக் கண்ணில் பட்டதைச் சேகரித்த காலத்தைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான மாதிரிகள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் நாய் மணத்தைப் பிடித்தது என 2006ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

இதே முறையை சாமுவேல் வாசர் குழுவினர் அமெரிக்கா, கனடா ஆகிய இரு நாடுகளின் மேற்குக் கரையெல்லையில் உள்ள கடற்பகுதிக்குக் கொண்டு சென்றனர். அங்கே வாழ்கிறது ஓர் ஓர்க்காக் கூட்டம். கருப்பும் வெள்ளையுமான மேனி கொண்ட ஓர்க்காவைக் கொலைத் திமிங்கிலம் என்று அழைப்பார்கள். உண்மையில் அது டால்ஃபின் குடும்பத்தில் மிகப் பெரியது. மற்ற ஓர்க்காக்கள் சீல், திமிங்கிலம் ஆகியவற்றையும் வேட்டையாடும். இக்கூட்டமோ மீன் மட்டுமே உண்ணும். அதிலும் சினூக் என்னும் பெரிய சால்மன் மீனே அதன் தலையாய உணவு. 1995ஆம் ஆண்டு 98ஆக இருந்த இவற்றின் எண்ணிக்கை பின்னர் சரிந்தது. 2005ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இவற்றை அழியும் ஆபத்திலுள்ளவையாக அறிவித்தது.

ஏன் குறைகின்றன? மூன்று காரணங்கள் கூறப்பட்டன. சால்மன் மீன்கள் அருகிவிட்டன என்றனர் சிலர். இவற்றைக் காண வரும் சுற்றுலாப் படகுகளின் இரைச்சலும் நெருக்கமுமே காரணம் என்றனர் வேறு சிலர். தொழிற்சாலைக் கழிவுகளின் நஞ்சு என்றனர் மற்றும் சிலர். காரணம் எதுவென்று தெரியாமல் மருந்து எதுவென்று சொல்வது எப்படி?

இங்கே வந்து சேர்ந்தது டக்கர் என்ற கருப்பு நாய். லாப்ரடார் கலப்பினம். சியாட்டில் நகரத் தெருவில் அலைந்து கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் நனைவது அதற்கு அறவே பிடிக்காது! படகின் முன்முனையில் அது நிற்கும். ஓர்க்காக்களை நெருங்காமல், அவை சென்ற வழிக்குப் பின்னால், காற்றுக்குக் குறுக்காகப் படகு செல்லும். மணம் நாசியைத் தொட்டதும் டக்கர் பரபரத்து, படகின் விளிம்புக்கு வெளியே தலையை நீட்டும். அது சாயும் திசையைப் பார்த்து நடத்துபவர் கைகாட்டுவார்; மாலுமி படகைத் திருப்புவார். மணம் அறுந்தால் நாய் அடங்கும். படகு மீண்டும் திரும்பும். இவ்வாறு வளைந்து வளைந்து சென்று, அலைமேல் மிதக்கும் சிறு துணுக்கை வலைக்கரண்டியால் அள்ளி எடுப்பார்கள். டக்கருக்குப் பந்து கிடைத்துவிடும்.

வெளிப்பட்ட உண்மை

அம்மாதிரிகள் சொன்னது என்ன? கோடையின் பிற்பகுதியில் சுற்றுலாப் படகுகள் மிகுந்திருக்கும். அதே காலத்தில் ஃபிரேசர் ஆற்றை நோக்கி சினூக் மீன்களும் மிகுதியாக வரும். படகுகளே முதற்காரணம் எனில், அப்போதுதான் ஓர்க்காக்களின் உடலில் அலைக்கழிப்பைக் காட்டும் ஹார்மோன் உச்சத்தில் இருக்கவேண்டும். ஆனால் அது அப்போதுதான் மிகக் குறைவாக இருந்தது! மீன் வரத்துக் குறைந்தபோது, படகுகளும் குறைந்திருந்தும், அது ஏறியது. 2012ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வு, படகுகளைவிடப் பசியே பெரிய காரணம் என்று காட்டியது.

2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இன்னும் வேதனையானது. 2008 முதல் 2014 வரை திரட்டிய மாதிரிகளில் சினைப்பட்டதாகத் தெரிந்தவற்றுள், 69 விழுக்காடு வரை குட்டியில் முடியவில்லை. ஓர்க்காவின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 17 மாதங்கள். அத்தனை காலம் சுமந்தும், தாய்க்குப் போதிய உணவின்றிக் கரு கலைந்தோ, பிறந்தவுடன் மடிந்தோ போயிருக்கிறது. நஞ்சும் இதில் பங்கு கொள்கிறது. கொழுப்பில் உறைந்திருக்கும் நச்சுப்பொருள், தாய் பட்டினியால் மெலிந்து கொழுப்புக் கரையும்போது இரத்தத்தில் கலக்கிறது.

அறிவியல் எண்ணிக்கையாகச் சொன்னதை 2018ஆம் ஆண்டு ஜூலையில் உலகம் கண்ணால் கண்டது. தாலெக்வா என்று பெயரிடப்பட்ட தாய் ஓர்க்கா, பிறந்து சிறிது நேரத்திலேயே இறந்துவிட்ட தன் குட்டியைத் தலையால் தாங்கிக்கொண்டு 17 நாட்கள் கடலில் சுற்றி வந்தது. சுமார் 1,600 கிலோமீட்டர் அது அவ்வாறு நீந்தியது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் அதற்குப் பிறந்த மற்றொரு குட்டியும் இறந்தது; மீண்டும் அது குட்டியைச் சுமந்து திரிந்தது. குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இக்கூட்டத்தில் எஞ்சியிருந்தவை 73.

நம் நாட்டில்

நம் இந்தியாவிலும் மோப்ப நாய்கள் வனவிலங்குப் பணியில் உள்ளன. 2008ஆம் ஆண்டு முதல் டிராஃபிக் அமைப்பும் உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளையும் வனத்துறைகளுக்காக நாய்களைப் பயிற்றுவித்து வருகின்றன. குவாலியர் அருகே தேகன்பூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பயிற்சி மையத்தில் பல நாய்கள் கற்றுத் தேர்ந்தன. இவற்றின் பணி ஆய்வன்று, குற்றத்தைக் கண்டுபிடிப்பது. புலித்தோல், எலும்பு, தந்தம் ஆகியவை எங்கு பதுக்கப்பட்டிருந்தாலும் இவை காட்டிக் கொடுக்கின்றன.

மனிதனின் பங்கு

அன்பர்களே! நாய் தன் பணியைச் செய்து முடித்துவிட்டது. பசிதான் காரணம் என்று அது கொண்டுவந்த சான்றுகள் ஆய்வேடுகளில் பதிவாகிவிட்டன. வாஷிங்டன் மாநிலம், 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இந்த ஓர்க்காக்களைப் படகுகள் 900 மீட்டருக்கும் அதிகமான தொலைவு விலகியே செல்ல வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. நல்லதே. ஆனால், சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி முட்டையிடுவதற்கு இடையூறாக நிற்கும் அணைகளை என்ன செய்வது என்ற வழக்கு பல்லாண்டுகளாக நீண்டுகொண்டே இருக்கிறது. அணையில் மின்சாரம் இருக்கிறது, பாசனம் இருக்கிறது, பலரின் பிழைப்பும் இருக்கிறது. எளிதில் தீரும் வழக்கன்று. ஆயினும், இனி எவரும் 'காரணம் தெரியவில்லை' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய ஒரு நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்தவருக்கு இறைவனின் மன்னிப்புக் கிடைத்த செய்தியை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லிச் சென்றார்கள். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் நற்கூலி உண்டு என்பதும் அந்தச் செய்தியோடு சேர்ந்ததே. நாம் அந்த அணைகளைத் திறக்க இயலாது. ஆனால் நம் தெருவில் ஒதுங்கிக் கிடக்கும் நாயின்மீது நம் பிள்ளை கல்லெடுக்கும்போது, அந்தக் கையைப் பிடித்து நிறுத்த இயலும். டக்கரின் கதையை அப்போது அவனுக்குச் சொல்லுங்கள். தெருவில் திரிந்த நாய் ஒன்று, பேச இயலாத தாய்களின் பசியை உலகுக்கு அறிவித்தது என்று சொல்லுங்கள். வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு சிறு சட்டியில் தண்ணீர் வைக்கவும் அவனையே ஏவுங்கள்.